உரிமையாளர் கையெழுத்து

பினாங்கு
8.2.1993

அன்புள்ள யோகத்திற்கு,

என் கையெழுத்தை உறையில் பார்த்ததும் யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது என்று பயப்பட வேண்டாம். எல்லோரும் சுகம். எனக்கு இரத்த அழுத்த மாத்திரை ஒன்று கூடியிருக்கிறது, அவ்வளவுதான். பதினொரு வருடமாகத் தீபாவளி அட்டையைத் தவிர வேறொன்றும் அனுப்பாதவன் திடீரென்று பக்கம் பக்கமாக எழுதினால் யாருக்கும் பதறத்தான் செய்யும்.

சென்ற ஆகஸ்டில் துறைமுக அலுவலகத்திலிருந்து ஓய்வு பெற்றேன். ஒரு சுவர்க்கடிகாரத்தைக் கையில் கொடுத்து, தோளில் தட்டி அனுப்பிவிட்டார்கள். கடிகாரம் நன்றாக ஓடுகிறது. எனக்குத்தான் வீட்டில் சும்மா இருக்கத் தெரியவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். நம் வீட்டில் நீர் விட்டுப்போன உம்முடைய மினி கார் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. முப்பத்தொரு வயது, 850 சிசி. ஆயர் ஈத்தாம் மேட்டில் ஏறும்போது மீன்காரனின் மோட்டார் சைக்கிள்கூட முந்திப் போய்த் திரும்பிப் பார்க்கும். புகை வேறு. பின்னால் வந்த பஸ் ஓட்டுநர் ஒருநாள் தலையை நீட்டி, "அங்கிள், கொசு மருந்தா அடிக்கிறீங்க?" என்று கேட்டான்.

கடலுக்கு அக்கரையில், மாக் மண்டினில், அய்யாக்கண்ணு என்பவர் பட்டறை வைத்திருக்கிறார். ஜப்பானில் பழைய கார்களை நடுவில் வெட்டி, முன்பாதியை மட்டும் கப்பலில் அனுப்புகிறார்கள். இங்கே அதை ஹாஃப் கட் என்பார்கள். அப்படி வந்த ஒரு ஸ்டார்லட்டின் முன்பாதி அவருக்குக் கிடைத்தது. 1300 சிசி, டர்போ வைத்தது. உம்முடைய பழைய இன்ஜினுக்கு முப்பத்துநான்கு குதிரைத்திறன். இதற்கு நூற்றுப் பத்து. முன்சட்டத்தை வெட்டி அகலப்படுத்தி, ரேடியேட்டரை முன்னுக்குக் கொண்டுவந்து, பெரிய பிரேக்காகப் போட்டுவிட்டால் இன்ஜின் அச்சாக உட்காரும். பானெட் மூடுவதில் மட்டும் இரண்டு விரல் அளவு தகராறு. அதையும் தட்டி உயர்த்திவிடலாம்.

இன்ஜின் மாறினால் அதன் எண்ணும் மாறும். அதைப் பதிவுப் புத்தகத்தில் ஏற்றப் போக்குவரத்து இலாகா, ஜே.பி.ஜே., அனுமதி தர வேண்டும். அதற்கு உரிமையாளரின் கையெழுத்து வேண்டும். கார் இன்றைக்கும் உம்முடைய பெயரில்தான் இருக்கிறது, நான் மாற்றவில்லை. படிவத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். பென்சிலால் குறியிட்ட இடத்தில் கையெழுத்திட்டு அனுப்பினால் போதும்.

உம்முடைய செல்வநாயகி அக்காவை நான் விசாரித்ததாகச் சொல்லும். சொல்வது சரியில்லை என்று பட்டால் விட்டுவிடும்.

இப்படிக்கு,
குலசேகரம்


சிரம்பான்
19.2.1993

திரு. குலசேகரம் அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. ஓய்வு பெற்ற செய்தி எனக்கு முன்பே தெரியும். பினாங்கில் நடப்பது சிரம்பானுக்கு வர இரண்டு நாள் போதும். நம் ஆட்கள் இருக்கும்வரை தபால் இலாகாவுக்கு வேலை குறைவுதான்.

அக்காவிடம் சொன்னேன். "அவருக்கு இப்பதான் எங்கட விலாசம் கிடைச்சதாமோ?" என்று கேட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். ஆனால் அன்று இரவே உங்களுக்கு என்ன மாத்திரை, எத்தனை மில்லிகிராம் என்றும் கேட்டாள். எழுதினால் சொல்கிறேன்.

நான் முப்பது வருடமாகக் கணக்கு வாத்தியார். விடை சரியாக இருந்தால்கூட வழியைப் பார்ப்பேன். உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல் பக்கம் முழுவதும் "போட்டுவிட்டால்", "மாறினால்" என்றுதான் எழுதியிருக்கிறீர்கள். ஒரே ஒரு வரி மட்டும் வேறு மாதிரி இருக்கிறது. இன்னும் போடாத இன்ஜினுக்கு, பானெட் இரண்டு விரல் மூடவில்லை என்று உங்களுக்கு எப்படித் தெரிந்தது?

படிவத்தைக் கையெழுத்திடாமல் என்னிடமே வைத்திருக்கிறேன். முதலில் கேள்விக்குப் பதில் எழுதுங்கள்.

யோகலட்சுமி


பினாங்கு
1.3.1993

அன்புள்ள யோகத்திற்கு,

ஐந்து மில்லிகிராம், காலையில் ஒன்று. அக்காவிடம் சொல்லும்.

இன்ஜினைப் போட்டாயிற்று. தீபாவளி கழிந்த மறுவாரமே பழையதைக் கழற்றிவிட்டோம். பொங்கலுக்கு முதல்நாள் புதியதை ஸ்டார்ட் செய்து பார்த்தோம். உமக்குக் கடிதம் எழுதியபோது கார் அய்யாக்கண்ணுவின் பட்டறையில் பானெட் இல்லாமல் நின்றுகொண்டிருந்தது. பொய் என்று ஒரு வார்த்தைகூட எழுதவில்லை என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன். நீர் இரண்டு விரலில் பிடித்துவிட்டீர்.

கெட்டிக்காரத்தனத்தை ஒருமுறை மட்டும் சொல்லிக்கொள்கிறேன். மாக் மண்டினில் தொழிற்சாலைகள் மூடியிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த நேர் ரோட்டில் ஓட்டினேன். மூன்றாவது கியரில் டர்போ பிடித்ததும் முதுகு இருக்கையோடு ஒட்டிக்கொண்டது. ஐம்பத்தைந்து வயதில் வாய்விட்டுச் சிரித்தேன். பக்கத்தில் இருந்த அய்யாக்கண்ணு, "அண்ணே, பிரேக்க ஞாபகம் வச்சிக்குங்க லா" என்றார். வண்டி நின்ற பிறகு, இதை யாரிடம் சொல்வது என்று யோசித்தேன். உம்முடைய நினைவுதான் வந்தது. உம்முடைய கார் என்பதும் அப்போதுதான் உறைத்தது. வெட்கக்கேடு, ஆனால் அப்படித்தான் நடந்தது.

ஜே.பி.ஜே. கவுண்டரில் ரோஹானா என்றொரு பெண். பதிவுப் புத்தகத்தைப் புரட்டிவிட்டு, இந்த அம்மாள் எங்கே என்று கேட்டாள். சிரம்பானில் என்றேன். அவர்தான் கையெழுத்திட வேண்டும் என்று படிவத்தைத் தள்ளினாள். வெளியே வந்ததும் அய்யாக்கண்ணு என்ன சொன்னார் தெரியுமா? "அண்ணி சைன்தானே? நீங்களே போட்டு விட்டுடுங்க. அங்க யாரு பூதக்கண்ணாடி வச்சிப் பாக்கப் போறா?"

பேனாவின் மூடியைக் கழற்றினேன், யோகம். உம்முடைய கையெழுத்து எனக்கு அத்துப்படி. கடைசி எழுத்தின் வாலை மேலே இழுத்து ஒரு புள்ளி வைப்பீர். ஒருமுறை போட்டவனுக்கு மறுமுறை சுலபம் என்பார்கள். என்னால் போட முடியவில்லை.

1981இல் இங்கிலாந்துப் படிப்புக்கு உமக்கு இடம் கிடைத்த கடிதம் வந்தபோது நீர் சிரம்பானில், அம்மாவின் ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்தீர். பதினான்கு நாளில் பதில் வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். அம்மா படுத்திருக்கும்போது உம்மை இரண்டுபட வைக்க வேண்டாம் என்று நானே "வர இயலாது" என்று எழுதி, உம்முடைய கையெழுத்தையும் போட்டு அனுப்பினேன். உமக்கு நல்லது செய்கிறேன் என்றுதான் நினைத்தேன். உம்மைக் கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவேயில்லை. செய்ததைவிட அதுதான் பெரிய பிழை என்று இப்போது தெரிகிறது. பதினொரு வருடம் இதை நான் வாயால் சொன்னதில்லை. இப்போது எழுதிவிட்டேன்.

பேனாவை மூடிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஃபெரி ஏறி வீட்டுக்கு வந்தேன். அதன் பிறகுதான் அந்த முதல் கடிதம்.

குலசேகரம்


சிரம்பான்
17.3.1993

உங்களுக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. நான்கு முறை தொடங்கி நான்கையும் கிழித்தேன். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள், "டீச்சர் ஏன் இன்னிக்கு யாரையும் ஏசல?" என்று பேசிக்கொண்டார்கள்.

ஒன்றை உங்களுக்குச் சொல்ல வேண்டும். நீங்கள் அன்றைக்கு என்னைக் கேட்டிருந்தால் நான் போயிருக்க மாட்டேன் என்றுதான் நினைக்கிறேன். அம்மாவை அந்த நிலையில் விட்டுவிட்டு விமானம் ஏற என்னால் முடிந்திருக்காது. அடுத்த மாதமே அவர் போய்விட்டார் என்பது வேறு விஷயம். ஆனால் அந்த "இல்லை"யை நான் சொல்லியிருக்க வேண்டும். அது என்னுடைய "இல்லை". மறுவருடம் கல்வி இலாகாவுக்குப் போய், எனக்கு ஏன் பதிலே வரவில்லை என்று கேட்டேன். அந்த அதிகாரி கோப்பைத் திருப்பி என்னிடமே காட்டினார். "நீங்கதானேம்மா வேண்டாம்னு எழுதியிருக்கீங்க." என் கையெழுத்தை நானே உற்றுப் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்த அவமானத்தை எந்த வார்த்தையில் எழுதுவது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை.

அதோடு நான் வீட்டைவிட்டுப் போன அன்று நடந்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதா? கார் ஓடியிருந்தால் காரில்தான் போயிருப்பேன். என் சம்பளத்தில் வாங்கிய கார். அதன் கார்புரேட்டர் நம் சாப்பாட்டு மேசையில் நான்கு துண்டாகக் கிடந்தது. பெட்ரோல் மிச்சமாகும் என்று கழற்றினீர்களாம். டாக்சி பிடித்து ஃபெரிக்குப் போனேன்.

நீங்கள் கெட்டவர் இல்லை. அதனால்தான் உங்களோடு சண்டை போடுவதும் இவ்வளவு கஷ்டம். எல்லாவற்றையும் எனக்காகவே செய்துவிட்டு, எனக்குச் செய்வதற்கு ஒன்றையும் விட்டுவைக்க மாட்டீர்கள்.

இப்போது என் பதில். புதிய இன்ஜினைக் கழற்றுங்கள். பழையதைப் போடுங்கள். கார் நான் விட்டுப் போனபடியே இருக்க வேண்டும், ஆனால் கார்புரேட்டரும் அதில் இருக்க வேண்டும். அதன் பிறகு என்னிடம் கேளுங்கள். அப்போது சரி என்றாலும் சொல்வேன், வேண்டாம் என்றாலும் சொல்வேன்.

முடியாது என்றால் அதையும் எழுதிவிடுங்கள். மறுபடி தீபாவளி அட்டை அனுப்பிக்கொள்ளலாம்.

யோகலட்சுமி


பினாங்கு
4.5.1993

அன்புள்ள யோகத்திற்கு,

முடியாது என்று எழுத ஒரு நாள் முழுக்க நியாயங்கள் தேடினேன். நிறையவே கிடைத்தன. மறுநாள் காலை முதல் ஃபெரியில் மாக் மண்டினுக்குப் போனேன்.

அய்யாக்கண்ணுவிடம் சொன்னதும் அவர் வெல்டிங் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு என்னைப் பார்த்தார். "அண்ணே, ஓடுற டர்போவக் கழட்டிட்டு, ஓடாத கட்டையப் போடணுமா? உடம்புக்கு ஒண்ணும் இல்லியே?" ஒன்றும் இல்லை என்றேன். "அண்ணி சொன்னாங்களா?" ஆம் என்றேன். அதன் பிறகு அவர் வேறொன்றும் கேட்கவில்லை. அவருக்கும் வீட்டில் ஆள் இருக்கிறது.

ஆனால் ஒரு சங்கதியை உமக்குச் சொல்லாமல் விட்டிருந்தேன். பழைய இன்ஜின் பட்டறையில் இல்லை. நிபோங் திபாலில் இறால் குளம் வைத்திருக்கும் கமாலுதீன், தண்ணீர் இறைக்கக் கேட்டார் என்று தூக்கிக் கொடுத்திருந்தேன். அதையும் உம்மைக் கேட்கவில்லை. தேடிப்போனபோது அது செம்பனைத் தோட்டத்துக்குப் பின்னால், ஒரு தகரக் கூரையின் கீழ், இரும்புச் சட்டத்தில் உட்கார்ந்து மளமளவென்று நீர் இறைத்துக்கொண்டிருந்தது. என் கையில் இருந்தவரை அது அவ்வளவு ஒழுங்காக ஓடியதில்லை. கமாலுதீன் தருவதற்கு மறுத்துவிட்டார். "குடுத்தத திருப்பிக் கேக்குறீங்களே, மூவாயிரம் இறாலுக்கு நான் என்ன பதில் சொல்றது?" என்றார். அது என் மனைவியின் பொருள், நான் கேட்காமல் கொடுத்துவிட்டேன் என்றேன். ஓடிக்கொண்டிருந்த இன்ஜினை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பிறகு, "அப்ப நானும் கேக்காம வச்சிருந்ததா ஆயிடும்" என்று சொல்லி, ஒரு டீசல் பம்பு கொண்டுவந்து பூட்டித் தந்தால் எடுத்துக்கொள்ளலாம் என்றார். பூட்டித் தந்தேன்.

மற்றதெல்லாம் இரும்பு வேலை. வெட்டிய முன்சட்டத்தைப் பழைய அளவுக்குக் கொண்டுவர ஆறு சனிக்கிழமை பிடித்தது. வெட்டுவது ஒரு மணி நேரம், ஒட்டுவது ஒன்றரை மாதம். பிஸ்டன் வளையங்களை மட்டும் புதிதாகப் போட்டோம், இல்லையென்றால் புகை நிற்காது. அதற்கு முன்கூட்டிக் கேட்டிருக்க வேண்டுமோ என்று இப்போது எழுதும்போது தோன்றுகிறது. மன்னிக்க வேண்டும்.

நேற்று பானெட்டை மூடினேன். முழுசாக மூடுகிறது. கார்புரேட்டர் காரில்தான் இருக்கிறது.

இப்போது கேட்கிறேன், யோகம். உம்முடைய காரில் அந்தப் பெரிய இன்ஜினைப் போடலாமா?

குலசேகரம்


சிரம்பான்
13.5.1993

உங்களுக்கு,

வேண்டாம்.

காரணம் எழுதப் போவதில்லை.

வளையங்கள் போட்டது சரி. அக்கா உப்பைக் குறைக்கச் சொல்கிறாள்.

யோகலட்சுமி


பினாங்கு
24.5.1993

அன்புள்ள யோகத்திற்கு,

சரி.

இதற்கு மேல் மூன்று பக்கம் எழுதியிருந்தேன். வரைபடமும் இருந்தது. காலையில் எடுத்துப் படித்தபோது, அந்த மூன்று பக்கத்தில் உம்மிடம் நான் கேட்ட கேள்வி ஒன்றுகூட இல்லை. எல்லாம் உமக்கு நான் சொல்லிக்கொடுக்கும் பதில்கள். கிழித்துப் போட்டுவிட்டேன். மனம் கொஞ்சம் வலித்தது, மறைக்கவில்லை. அந்த இன்ஜினின் சத்தம் எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது.

இன்ஜினை அய்யாக்கண்ணுவே எடுத்துக்கொண்டார். அவருடைய மச்சானின் வேனில் போடப் போகிறாராம். மச்சான் மனைவியின் கையெழுத்து வாங்கிவிட்டாரா என்று கேட்டேன். வேன் மச்சான் பெயரில்தான் என்று கோபித்துக்கொண்டார்.

கார் வீட்டுக்கு வந்துவிட்டது. அதை விற்பதா, நிறுத்தி வைப்பதா, யாருக்காவது கொடுப்பதா என்று நீர் சொல்லும்வரை நான் எண்ணெய் மாற்றுவதைத் தவிர வேறொன்றும் செய்ய மாட்டேன்.

குலசேகரம்


சிரம்பான்
12.6.1993

அன்புள்ள உங்களுக்கு,

உங்கள் கடிதத்தை வாசலில் நின்றபடியே பிரித்தேன். கனமான உறையாக வரும், நான்கு பக்கத் தர்க்கம் இருக்கும் என்று எதிர்பார்த்தேன். "சரி" என்ற ஒரு சொல்லைப் பார்த்ததும் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். அக்கா ஓடிவந்து, "என்னடி, யாருக்கு என்ன?" என்றாள். அவருக்கு ஒன்றுமில்லை, எனக்குத்தான் என்றேன். அழுதேன். எதற்கு என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

காரணம் எழுதமாட்டேன் என்றேன். இப்போது எழுதுகிறேன், நீங்கள் கேட்கவில்லை என்பதால்.

ஏப்ரலில் எனக்குத் தலைமையாசிரியை பதவி உயர்வு வந்தது. இரண்டு பள்ளிகள் காலியாக இருந்தன. ஒன்று இங்கே பக்கத்தில், கோலப்பிலாவில். மற்றது நிபோங் திபாலில். இந்த வயதில் அக்கா வீட்டைவிட்டு அவ்வளவு தூரம், அதுவும் நீங்கள் இருக்கும் பக்கமாகப் போவதா என்று படிவத்தை நிரப்பாமல் வைத்திருந்தேன். நிபோங் திபால் என்றால் தினமும் ஓட்ட எனக்கு ஒரு கார் வேண்டும். என் காலுக்குப் பழகிய, என் வேகத்தில் போகும் கார் போதும். நூற்றுப் பத்து குதிரைகளை நான் எங்கே கட்டி வைப்பேன்? அதனால்தான் வேண்டாம் என்றேன். அது நிஜமான "வேண்டாம்". உங்களைச் சோதிக்கச் சொன்னது அல்ல. ஆனால் அதை நீங்கள் என்ன செய்வீர்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன், அதை மறைக்க மாட்டேன். உங்கள் கடிதம் வந்த மறுநாள் நிபோங் திபால் என்று எழுதிக் கொடுத்தேன்.

தவறாக எண்ண வேண்டாம். நான் அந்த வீட்டுக்குத் திரும்பி வரவில்லை. பள்ளிக்குப் பக்கத்தில் இரண்டு அறை வீடு பார்த்துவிட்டார்கள். தனியாக இருந்து பழகிவிட்டேன். அது எனக்குப் பிடித்தும் இருக்கிறது.

ஜூலை மூன்றாம் தேதி, சனிக்கிழமை, காலை ரயிலில் பட்டர்வொர்த் வருகிறேன். காரைக் கொண்டுவந்து கொடுக்க முடியுமா? நானே ஓட்டிப் போகிறேன்.

யோகலட்சுமி


பினாங்கு
7.7.1993

அன்புள்ள யோகத்திற்கு,

சுகமாகப் போய்ச் சேர்ந்ததாக அக்கா தொலைபேசியில் சொன்னார். என்னோடு பேசியது இரண்டு நிமிடம்தான். அதில் ஒன்றரை நிமிடம் உப்பைப் பற்றி.

ஸ்டேஷன் கடையில் தேநீர் குடித்த பதினைந்து நிமிடத்தில் நான் சொல்ல நினைத்தது எதையும் சொல்லவில்லை. உமக்கு முன்முடி நரைத்திருக்கிறது. நன்றாக இருக்கிறது. இதைக்கூடச் சொல்லாமல், டயரில் காற்று எவ்வளவு இருக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். நீர் இருக்கையை முன்னுக்கு இழுத்து, கண்ணாடியைத் திருப்பி, முதல் கியரைப் போட்டபோது அது கரகரத்தது. கிளட்சை இன்னும் மிதியும் என்று வாய்வரை வந்தது. விழுங்கிக்கொண்டேன். நீர் மெல்ல வெளியே எடுத்து, லாரிகளுக்கு வழிவிட்டு, கைகாட்டிவிட்டுப் போனீர். கார் கண்ணுக்கு மறைந்த பிறகு வெறுங்கையோடு ஃபெரி ஏறினேன். வீட்டில் கார் நின்ற இடத்தில் எண்ணெய்க் கறை மட்டும் இருக்கிறது. எனக்கு நீர் இல்லாத வெறுமைதான் தெரிகிறது, யோகம். கார் இல்லாத வெறுமை அல்ல.

ஒன்று கேட்கிறேன். பதினெட்டாம் தேதி ஞாயிற்றுக்கிழமை நிபோங் திபாலுக்கு வரலாமா? பஸ்ஸில் வந்து, மாலை பஸ்ஸில் திரும்பிவிடுவேன். வேண்டாம் என்றால் அப்படியே எழுதும்.

குலசேகரம்


நிபோங் திபால்
11.7.1993

அன்புள்ள உங்களுக்கு,

பதினெட்டாம் தேதி வேண்டாம். பள்ளியில் பெற்றோர் கூட்டம். முதல் கூட்டம் என்பதால் பேச வேண்டியதை இப்போதே எழுதி வைத்திருக்கிறேன்.

இருபத்தைந்தாம் தேதி வாருங்கள். மீன் வாங்கிவர வேண்டாம், இங்கே நல்ல இறால் கிடைக்கிறது. உங்கள் கமாலுதீனிடம்தான் வாங்குகிறேன். சமையல் உப்பில்லாமல் இருக்கும், இப்போதே சொல்லிவிட்டேன்.

கார் காலையில் ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கிறது. வந்து பாருங்கள். என்னவென்று முதலில் எனக்குச் சொல்லுங்கள். கழற்றுவதா வேண்டாமா என்று நான் சொல்கிறேன்.

யோகம்